குடிக்காதவங்களுக்கும் ஈரல்ல கொழுப்பு வருமா?

(வட்டாரக் கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் சுகாதாரக் குழுவினர் பேசியதன் எழுத்து வடிவம்)



போன கூட்டத்தில் ரத்தசோகை பற்றிப் பேசினோம். முடிந்ததும் நாலைந்து பேர் எங்களை ஓரமாகக் கூப்பிட்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டது ஒரே கேள்விதான். "வேற எதுக்கோ வயித்த ஸ்கேன் பண்ணாங்க. ஈரல்ல கொழுப்பு இருக்குன்னு எழுதிக் குடுத்துட்டாங்க. நான் அந்தப் பக்கமே போனதில்ல, எனக்கு எப்படி வந்துச்சு?" ஈரல் கெட்டது என்றாலே குடிதான் என்று நம் ஊரில் ஒரு எண்ணம் இருக்கிறது. அதனால் அந்தச் சீட்டை வீட்டில் காட்டவே பெண்கள் கூச்சப்படுகிறார்கள். மடித்துப் பீரோவில் வைத்துவிடுகிறார்கள். ஆகவே இன்றைக்கு இதை ஓரமாக இல்லாமல் மைக்கில் பேசிவிடுவோம் என்று வந்திருக்கிறோம்.

முதல் பதில்: வரும். ஒரு சொட்டு குடிக்காதவருக்கும் வரும். குடியாலும் ஈரலில் கொழுப்பு சேரும், அது நம் வீடுகளில் பலருக்குத் தெரிந்த கதை. ஆனால் இன்று நாட்டில் அதிகம் பேருக்கு இருப்பது குடியால் வராத இன்னொரு வகை. அது சர்க்கரை நோய், ரத்தக் கொதிப்பு, இடுப்புச் சுற்றளவு இவற்றோடு சேர்ந்து வருவது. தில்லி எய்ம்ஸ் மருத்துவர்கள் நாடு முழுவதும் நடந்த பல ஆய்வுகளைச் சேர்த்துக் கணக்குப் பார்த்து 2022-ல் சொன்னது, பெரியவர்களில் 100-க்கு 38 பேருக்கு இது இருக்கிறது என்று. 2023-ல் உலக அளவில் மருத்துவர்கள் கூடி இதன் பெயரையே மாற்றினார்கள். பழைய பெயரில் 'மது இல்லாத' என்ற சொல் இருந்தது. புதிய பெயரில் மதுவைப் பற்றிய பேச்சே கிடையாது. உடம்பு உணவைக் கையாளும் முறை கெட்டதால் வருவது என்று பெயரிலேயே வைத்துவிட்டார்கள். வீட்டில் யாராவது சந்தேகமாகப் பார்த்தால் இதைச் சொல்லுங்கள்.

அடுத்த கேள்வியும் எங்களுக்குத் தெரியும். "அதெல்லாம் உக்காந்து சாப்பிடறவங்களுக்கு வரது. நாங்க மேடும் பள்ளமும் ஏறி எறங்கி, முதுகுல பச்சத் தேயிலை சுமக்கறவங்க. எங்களுக்கு எதுக்கு வருது?"

இதற்கு நாங்கள் பதில் சொல்வதைவிட, நம்மைப் போலவே வாழ்கிறவர்களிடம் எடுத்த கணக்கைச் சொல்வது நல்லது. இங்கே உட்கார்ந்திருப்பவர்களில் பல பேருடைய அம்மாவோ பாட்டியோ இலங்கையிலிருந்து வந்தவர்கள். 1964-ல் சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம் ஆன பிறகு, கப்பலேறி வந்து, கோத்தகிரி, குன்னூர், கூடலூர், பந்தலூர் என்று இந்த மலையில் குடியேறியவர்கள். அவர்களுக்கு வேலை கொடுக்கத்தான் 1968-ல் அரசு தேயிலைத் தோட்டம் போட்டது. அதுதான் பிறகு டான்டீ ஆனது. நம் சொந்தங்கள் பாதிப் பேர் அங்கேயே நுவரெலியா, ஹட்டன் பக்கம் தோட்டங்களில் தங்கிவிட்டார்கள். அந்த நுவரெலியா மாவட்டத்தில் இரண்டு தோட்டங்களில், 35 முதல் 64 வயது வரை உள்ளவர்களைக் கூப்பிட்டு ஸ்கேன் எடுத்து, ரத்தம் எடுத்து ஒரு ஆய்வு செய்தார்கள். 403 பேர் வந்தார்கள். கிட்டத்தட்ட எல்லோரும் தமிழர்கள், பாதிக்கு மேல் பெண்கள். அதிகம் குடிப்பவர்களைக் கணக்கில் சேர்க்கவில்லை. 2011-ல் முடிவு வெளியானது. 100-க்கு 18 பேருக்கு ஈரலில் கொழுப்பு.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். அதே மலை, அதே குளிர், அதே லயன் வீடு, அதே கொழுந்து பறிக்கிற வேலை. உட்கார்ந்து சாப்பிடுகிறவர்கள் யாரும் அதில் இல்லை. இருந்தும் ஐந்தில் ஒருவருக்குக் கிட்டே. யாருக்கு அதிகம் என்று பார்த்தபோது, உடல் எடை, இடுப்புச் சுற்றளவு, ரத்தக் கொதிப்பு, ரத்தத்தில் சர்க்கரை இந்த நான்கும் கூடியவர்களுக்குத்தான். ஆண்களுக்குப் பெண்களைவிட அதிகமாக இருந்தது உண்மை. "அப்ப நமக்குக் கம்மிதானே" என்று நிம்மதியாக வேண்டாம். மாதவிடாய் நிற்கும் வரைக்கும் பெண் உடம்புக்கு ஒரு பாதுகாப்பு இருக்கிறது. நின்ற பிறகு அது போய்விடுகிறது. நம் குழுக்களில் 45 வயதைத் தாண்டியவர்கள் எத்தனை பேர் என்று நீங்களே எண்ணிப் பாருங்கள். கர்ப்பமாக இருந்தபோது சர்க்கரை வந்தவர்கள், நீர்க்கட்டிப் பிரச்சினை உள்ளவர்கள் இவர்களுக்கு அதற்கு முன்பே வரலாம்.

ஒல்லியாக இருப்பவர்களுக்கும் ஒரு செய்தி உண்டு. மேற்கு வங்காளத்தில் பீர்பூம் என்ற மாவட்டத்தில், ஏழைக் கிராமங்களில் 1,911 பேரைப் பரிசோதித்து 2010-ல் வெளியிட்டார்கள். 100-க்கு 9 பேர் வரைக்கும் ஈரலில் கொழுப்பு. அவர்களில் நாலில் மூன்று பேர் குண்டானவர்களே இல்லை. பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு இடுப்பும் பெருக்கவில்லை, எடையும் கூடவில்லை. கை கால் குச்சியாக இருக்கும், உள்ளே ஈரலைச் சுற்றி கொழுப்பு சேர்ந்திருக்கும். இந்திய உடம்பின் குணம் அப்படி.

இது எப்படி நடக்கிறது என்று டாக்டர்கள் எங்களுக்குச் சொன்னதை நம் பாஷையில் சொல்கிறோம்.

ஈரலை நம் குழுவின் பணப்பெட்டி மாதிரி நினைத்துக் கொள்ளுங்கள். சாப்பிட்ட சோறு சர்க்கரையாக மாறி ரத்தத்தில் வருகிறது. அன்றைய செலவு போக மிச்சத்தை ஈரல் சேமிப்பாக வாங்கி வைக்கிறது. ராத்திரி நாம் தூங்கும்போது, மூளைக்கும் இதயத்துக்கும் தேவைப்படும் சர்க்கரையை அதிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக் கொடுக்கிறது. வரவும் பற்றும் சரியாக இருந்தால் பிரச்சினை இல்லை. வரவு மட்டும் தினமும் மூன்று வேளை, நடுவில் நாலு டீ என்று வந்துகொண்டே இருந்து, எடுப்பதற்கு ஆள் இல்லாவிட்டால்? பெட்டி நிறைந்த பிறகு ஈரல் அந்தச் சர்க்கரையைக் கொழுப்பாக மாற்றித் தன் உடம்புக்குள்ளேயே அடுக்க ஆரம்பிக்கிறது. ஈரலில் 100-க்கு 5 பங்குக்கு மேல் கொழுப்பு ஏறினால் அதுதான் நோய்.

நம் பெட்டிக்குக் கணக்கு எழுத ஆள் இருப்பது போல உடம்பில் இன்சுலின் இருக்கிறது. 'இந்தச் சர்க்கரையை உள்ளே எடு, வெளியே விடாதே' என்று அதுதான் சொல்ல வேண்டும். கொழுப்பு ஏறிய ஈரல் அதன் பேச்சைக் கேட்காது. சாப்பாடு இல்லாத நேரத்தில் மட்டும் விட வேண்டிய சர்க்கரையை ராத்திரி முழுக்க அளவில்லாமல் விட்டுக்கொண்டே இருக்கும். "ராத்திரி ஒரு வாய்தான் சாப்பிட்டேன், காலைல வெறும் வயித்துல சுகர் ஏறியிருக்கே" என்று சொல்கிறார்கள் பாருங்கள், அவர்களில் பலருக்கு அந்தச் சர்க்கரை வருவது அவர்கள் ஈரலிலிருந்துதான். சென்னையில் டாக்டர் வி. மோகன் குழுவினர் 541 பேரிடம் செய்த ஆய்வு 2009-ல் வந்தது. சர்க்கரை நோய் இருப்பவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு ஈரலில் கொழுப்பு இருந்தது. சர்க்கரையும் ஈரலும் ஒன்றையொன்று கெடுக்கும்.

வலிக்குமா என்றால் வலிக்காது. அதுதான் ஆபத்து. சிலருக்கு அசதி, வலது விலாவுக்குக் கீழே கொஞ்சம் பாரம், அவ்வளவுதான். வருடக் கணக்கில் அப்படியே கிடக்கும். பல பேருக்கு அதற்கு மேலே போகாது. சிலருக்கு மட்டும் ஈரல் வீங்கி, தழும்பு விழுந்து, சுருங்கி, கடைசியில் புற்றுநோய் வரைக்கும் போகலாம். ஆனால் ஈரல் கொழுப்பு உள்ளவர்கள் அதிகமாக இறப்பது ஈரலால் அல்ல, மாரடைப்பால். இதை எல்லோரும் மனதில் வைக்க வேண்டும்.

வெளியே தெரிகிற ஒரு அடையாளம் உண்டு. கழுத்துக்குப் பின்னால், அக்குளில் தோல் கறுத்து, வெல்வெட் துணி மாதிரி தடித்து இருக்கும். அழுக்கு என்று நினைத்து எலுமிச்சம்பழத்தையும் பீர்க்கங்கூட்டையும் போட்டுத் தேய்க்கிறோம், பெண் பிள்ளைகளைத் திட்டுகிறோம். அது அழுக்கு இல்லை. இன்சுலின் பேச்சு எடுபடவில்லை என்பதற்கு உடம்பு காட்டுகிற அறிகுறி. வீட்டில் பதினைந்து வயதுப் பிள்ளைக்கு இருந்தாலும் சர்க்கரை பார்த்துவிடுங்கள்.

இனி சாப்பாட்டுக்கு வருவோம். இதைத்தான் கொஞ்சம் விரிவாகப் பேச வேண்டும்.

இந்த மலையில் தேயிலை வருவதற்கு முன்னால் ராகியும் சாமையும் விளைந்தன. படுகர் ஊர்களில் ராகிக் களியும் அவரைக் குழம்பும் இன்றைக்கும் விசேஷத்துக்கு உண்டு, தினப்படிக்கு அரிசிதான். காலையில் இட்லி, மத்தியானம் சோறு, ராத்திரி சோறு. நடுவில் டீ, டீயோடு வர்க்கி. ஊட்டி வர்க்கிக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது, நமக்கெல்லாம் பெருமைதான். ஆனால் அது மைதாவும் சர்க்கரையும் கெட்டிக் கொழுப்பும் சேர்ந்தது. பெருமைப்படலாம், தினமும் நாலு சாப்பிட வேண்டியதில்லை.

டீக்கு ஒரு கணக்குப் போட்டோம். ஒரு டீக்கு இரண்டு ஸ்பூன் சர்க்கரை, ஸ்பூன் 5 கிராம். ஒரு நாளைக்கு ஐந்து டீ. 50 கிராம் ஆகிறது. மாதத்துக்கு ஒன்றரை கிலோ, வருடத்துக்கு 18 கிலோ. ஒரே ஆள் டீயில் மட்டும். உலக சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்கு 25 கிராமுக்குள் இருப்பது நல்லது என்கிறது, அதுவும் எல்லாம் சேர்த்து. தேயிலை விளைகிற ஊரில் டீயை விடச் சொல்ல எங்களுக்கு வாய் வராது. சர்க்கரையை வாரத்துக்கு அரை ஸ்பூன் குறைத்துக்கொண்டே வாருங்கள், ஒரு மாதத்தில் நாக்கு பழகிவிடும். வெல்லம், நாட்டுச் சர்க்கரை போட்டால் பரவாயில்லையா என்று கேட்பீர்கள். ஈரலுக்கு எல்லாம் ஒன்றுதான். சர்க்கரை போடாத காப்பி ஈரலுக்கு நல்லது என்று பல ஆய்வுகள் சொல்கின்றன. தேயிலைக்காரர்கள் கூட்டத்தில் நின்று இதைச் சொல்வதற்கு மன்னிக்க வேண்டும்.

அடுத்தது நாம் சாப்பிடுகிற நேரம். யார் கடைசியாகச் சாப்பிடுகிறோம்? எங்களில் சிலர், 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீடு வீடாகப் போய் சர்க்கரையும் பிரஷரும் பார்த்தவர்கள். போகிற வீட்டில் எல்லாம் பார்த்தது இதுதான். வீட்டுக்காரருக்கும் பிள்ளைகளுக்கும் பரிமாறி முடிக்கும்போது பொரியல் தீர்ந்திருக்கும், முட்டை தீர்ந்திருக்கும், பருப்பு அடியில் கொஞ்சம் இருக்கும். சோறு மட்டும் நிறைய இருக்கும். வீணாகக் கூடாதே என்று அந்தச் சோற்றை எல்லாம் நாம் போட்டுக்கொண்டு, குழம்பு ஊற்றிச் சாப்பிட்டுவிட்டுப் படுக்கிறோம். ஒரே வீடு, ஒரே அடுப்பு. அவர்கள் தட்டு வேறு, நம் தட்டு வேறு. வெறும் சோறு ராத்திரி ஒன்பதரை மணிக்கு உள்ளே போனால் அதை ஈரல் என்ன செய்யும் என்று இப்போது உங்களுக்கே தெரியும்.

அதனால் நாங்கள் கேட்பது பெரிய டயட் எல்லாம் இல்லை. பரிமாறுவதற்கு முன்னால் உங்கள் பங்குக் காயையும் பருப்பையும் ஒரு கிண்ணத்தில் எடுத்து வைத்துவிடுங்கள். கேட் கீப்பர் மாதிரி கடைசியில் நிற்காமல் முடிந்தால் பிள்ளைகளோடு சேர்ந்து சாப்பிடுங்கள். தட்டில் முதலில் காய், அப்புறம் பயறோ முட்டையோ, கடைசியில் சோறு, வழக்கமாகப் போடுவதில் பாதி. கேரட்டும் பீன்ஸும் கோஸும் நம் தோட்டத்திலிருந்துதான் மேட்டுப்பாளையம் மண்டிக்குப் போகின்றன. மூட்டை கட்டும்போது ஒடிந்ததை மட்டும் வீட்டுக்கு வைத்துக்கொள்ளும் பழக்கத்தைக் கொஞ்சம் மாற்றிக் கொள்ளலாம். 2023 மே மாதம் நம் மாவட்டத்திலும் தர்மபுரியிலும் ரேஷனில் இரண்டு கிலோ அரிசிக்குப் பதில் இரண்டு கிலோ ராகி கொடுக்க ஆரம்பித்தார்கள். உங்கள் கடையில் இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். கிடைத்தால் மாட்டுக்கு வைக்காதீர்கள். ராகி என்றாலும் அளவு வேண்டும், இரண்டு உருண்டை களி சாப்பிட்டால் அதுவும் சர்க்கரைதான். எண்ணெய் ஒரு ஆளுக்கு மாதம் அரை லிட்டர் போதும்.

எவ்வளவு எடை குறைந்தால் பலன்? 60 கிலோ இருக்கிறவர் 3 கிலோ குறைந்தாலே ஈரல் கொழுப்பு குறைய ஆரம்பிக்கும். 6 கிலோ குறைந்தால் வீக்கமும், சிலருக்குத் தழும்பும்கூடக் குறையும். ஈரலுக்குத் தன்னைத் தானே சரி செய்துகொள்ளும் குணம் உண்டு, கண்ணுக்கோ கிட்னிக்கோ அந்த அளவுக்குக் கிடையாது. ஆனால் பட்டினி கிடந்து ஒரே மாதத்தில் குறைக்கக் கூடாது, அது ஈரலுக்கே கெடுதல். சர்க்கரை மாத்திரை சாப்பிடுகிறவர்கள் சாப்பாட்டைக் குறைப்பதற்கு முன்னால் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள், மயக்கம் வந்துவிடும். கொழுந்து பறிக்கிற வேலை உடம்புக்கு நல்லதுதான். அதே இடத்தில் நின்று பறிப்பது மட்டும் போதாது. வேலை இல்லாத நாளிலும் அரை மணி நேரம் மூச்சு வாங்குகிற மாதிரி நடக்க வேண்டும்.

இப்போது பணம் சம்பந்தப்பட்ட விஷயம். ஈரலைக் கழுவுகிற பவுடர், கொழுப்பைக் கரைக்கிற சாறு என்று ஆட்கள் வருவார்கள். நம் குழுக்களைத் தேடித்தான் வருவார்கள், ஏனென்றால் ஒரே இடத்தில் பதினைந்து பேர் கிடைப்போம், கையில் உள்கடனும் இருக்கும். 'நீங்க பத்துப் பேரைச் சேத்து விட்டா உங்களுக்கு இலவசம்' என்பார்கள். ஈரலைக் கழுவுகிற பவுடர் என்று ஒன்று கிடையாது. என்ன சேர்த்திருக்கிறார்கள் என்று தெரியாத பொடிகளால் ஈரல் கெட்டு ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்கள் இருக்கிறார்கள். இதற்கு உள்கடன் கேட்டால் குழு கொடுக்க வேண்டாம் என்று எங்கள் கருத்து. தீர்மானமாகவே எழுதிக் கொண்டாலும் நல்லது. உண்மையான மருந்தும் வந்திருக்கிறது. 2024 மார்ச்சில் அமெரிக்காவில் முதன்முதலாக இந்த நோய்க்கென்று ஒரு மாத்திரைக்கு அனுமதி கொடுத்தார்கள். அது ஈரலில் தழும்பு விழுந்தவர்களுக்கு, டாக்டர் பார்த்துத் தருவது.

ஸ்கேன் சீட்டைப் பீரோவில் வைத்திருக்கும் சகோதரிகள் இந்த வாரமே அதை வெளியே எடுங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ, குன்னூர் லாலி ஆஸ்பத்திரிக்கோ, ஊட்டி மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்கோ எடுத்துப் போங்கள். சர்க்கரை, பிரஷர், ரத்தக் கொழுப்பு மூன்றும் பார்க்கச் சொல்லுங்கள். அதோடு ஒரு கேள்வி கேளுங்கள்: "எனக்குத் தழும்பு விழுந்திருக்கா?" வயது, எஸ்ஜிஓடி, எஸ்ஜிபிடி, பிளேட்லெட் எண்ணிக்கை இந்த நான்கையும் வைத்து டாக்டர் ஒரு கணக்குப் போட்டு, பயப்பட வேண்டுமா வேண்டாமா என்று சொல்லிவிடுவார். 2021 பிப்ரவரியிலேயே மத்திய அரசு சர்க்கரை, இதய நோய்த் திட்டத்தோடு இதையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லி வழிகாட்டுதல் கொடுத்திருக்கிறது, அதனால் தயங்காமல் கேட்கலாம். கண் மஞ்சளானால், வயிறோ காலோ வீங்கினால், மலம் தார் மாதிரி கறுப்பாகப் போனால், ரத்த வாந்தி வந்தால் காத்திருக்காமல் 108-க்குப் போன் பண்ணுங்கள்.

ஸ்கேன் எடுக்காதவர்களுக்கு ஒரு இஞ்ச் டேப் போதும். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில், மூச்சை விட்ட பிறகு அளக்க வேண்டும். பெண்களுக்கு 80 சென்டிமீட்டர், அதாவது முப்பத்தொன்றரை இஞ்ச். ஆண்களுக்கு 90, முப்பத்தைந்தரை இஞ்ச். அதற்கு மேலே போனால் சர்க்கரையும் பிரஷரும் பார்த்துவிட வேண்டும்.

அடுத்த மாதம் ஒவ்வொரு குழுவுக்கும் நாங்களே டேப் கொண்டு வருகிறோம். அளவைத் தனித்தனிச் சீட்டில் எழுதி அவரவர் கையில் கொடுப்போம், சத்தமாகப் படிக்க மாட்டோம். ஸ்வெட்டரைக் கழற்றித்தான் அளக்க முடியும். ஆகவே தலைவி அவர்கள் கூட்டத்தைக் காலை பத்து மணிக்கு வைக்காமல், கொஞ்சம் வெயில் ஏறிய பிறகு பன்னிரண்டு மணிக்கு வைத்தால் உதவியாக இருக்கும். டீ வழக்கம்போல உண்டு. சர்க்கரை தனிக் கிண்ணத்தில் இருக்கும், வேண்டியவர்கள் போட்டுக் கொள்ளலாம். வர்க்கிக்குப் பதில் சுண்டல் செய்து வர இரண்டு குழுக்கள் பெயர் கொடுத்திருக்கிறார்கள். இன்னும் இரண்டு குழு வேண்டும்.